'ஷியர்' என்றால் 'வெரி' இல்லை

என் தங்கை மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, "மாமா, இங்க எதுக்கு சிவப்புல சுழிச்சிருக்காங்க?" என்று கேட்டான். சுழித்திருந்த வாக்கியம் இது: 'தி மூவி வாஸ் ஷியர் போரிங்.' படம் ரொம்ப போர் என்று சொல்ல வந்திருக்கிறான். "ஷியர்னா வெரிதானே மாமா? வெரி வெரின்னே எழுதறோமே, புதுசா இருக்கட்டும்னு போட்டேன்" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சொல்லை ஆங்கில-தமிழ் அகராதியில் தேடினால் முழுமையான, வெறும், செங்குத்தான, மெல்லிய என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு பொருள் வரிசையாக நிற்கும். மெல்லிய துணிக்கும் செங்குத்தான மலைக்கும் என்ன உறவு? 'முழுமையான' என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் 'வெறும்' என்றால் எதை எடுத்துக்கொள்வது? குழம்பிப்போய், 'ஏதோ அழுத்தம் கொடுக்கிற சொல், வெரி மாதிரி' என்று நாமே ஒரு முடிவு கட்டிக்கொள்கிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

'வெரி' ஒரு அளவுகோல். எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லும். கொஞ்சம் போர், ஓரளவு போர், ரொம்ப போர் என்று ஏறிக்கொண்டே போகலாம். 'ஷியர்' அந்த ஏணியில் கால் வைப்பதே இல்லை. அது பதில் சொல்லும் கேள்வி வேறு: இதில் வேறு ஏதாவது கலந்திருக்கிறதா? ஒன்றுமே கலக்கவில்லை என்பதுதான் அதன் பதில்.

'ஷியர் லக்' என்பதை எடுத்துக்கொள்வோம். இதைப் 'பெரிய அதிர்ஷ்டம்' என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். பெரிய அதிர்ஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் 'கிரேட் லக்' இருக்கிறது. நான் நிறுத்தத்துக்கு வந்து நின்ற அதே நொடியில் பஸ் வந்தது என்று வையுங்கள். ரொம்பச் சின்ன அதிர்ஷ்டம். ஆனால் நான் நேரம் பார்த்துக் கிளம்பவில்லை, ஓடி வரவில்லை, யாரும் எனக்காக நிறுத்தி வைக்கவுமில்லை. அதிர்ஷ்டத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அளவில் சின்னது, ஆனாலும் அது ஷியர் லக்.

வடிகட்டினதும் கடைந்தெடுத்ததும்

இந்த யோசனை நமக்குப் புதிது இல்லை. ஒருவரைத் திட்டும்போது தமிழ் எங்கே போய் அழுத்தம் தேடுகிறது என்று பாருங்கள். வடிகட்டின கஞ்சன். கடைந்தெடுத்த அயோக்கியன். சுத்தப் பொய். பச்சைத் துரோகம். இதில் எதிலும் 'மிகவும்' என்ற சொல் கிடையாது. பாதி சமையலறையிலிருந்து வந்தவை. கஞ்சத்தனத்தைத் துணியில் ஊற்றி வடிகட்டியாகிவிட்டது. இரக்கம், கூச்சம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் எல்லாம் கசடாக மேலே நின்றுவிட்டன. கீழே இறங்கியது கஞ்சத்தனம் மட்டும். கடைந்தெடுத்த அயோக்கியனும் அப்படித்தான், மோர் எல்லாம் ஒதுங்கித் திரண்ட வெண்ணெய். 'பச்சை' என்றால் வேகவைக்காதது, எதுவும் சேர்க்காதது.

அப்படியானால் 'ஷியர் நான்சென்ஸ்' என்பதற்குத் தமிழ் 'சுத்த அபத்தம்', அவ்வளவுதான். 'ஷியர் மேட்னெஸ்' சுத்தப் பைத்தியக்காரத்தனம். இந்த இடங்களில் நம் 'சுத்த'வும் அவர்களுடைய 'ஷிய'ரும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே தூய்மையைக் குறித்த சொற்கள். திட்டுவதற்கு உபயோகப்பட்டுப் பட்டு இப்படி ஆகிவிட்டன. 'சுத்த'த்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது: 'சுத்தமான பால்' என்றால் பாராட்டு, 'சுத்த மோசம்' என்றால் வசவு.

கடன் கணக்கில் ஒரு சாட்சி

ஷியர் பழைய ஆங்கிலத்தில் வெளிச்சத்தைக் குறித்த சொல். பிரகாசமான, தெளிந்த, மாசில்லாத என்று பொருள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்வரும் பெரிய வியாழனை இங்கிலாந்தில் ஒரு காலத்தில் 'ஷியர் தர்ஸ்டே' என்றே சொல்லி வந்தார்கள், தூய வியாழன் என்ற அர்த்தத்தில். ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகம் 1597-ல் அச்சானது. அதில் ஒரு பாத்திரம் இன்னொருவரை ஊற்றாக உருவகித்து அழைக்கும்போது அந்த ஊற்றுக்கு 'ஷியர்' என்று அடைமொழி கொடுக்கிறது. அடி மணல் தெரிகிற தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே அழுத்தம் ஒன்றும் இல்லை, வெறும் வர்ணனை.

அதே ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத் தொடக்கத்தில் ஒரு குடிகாரன் வருகிறான். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி, ஓட்டை அடைத்துப் பிழைக்கிறவன். போதையில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டுபோய், பட்டு மெத்தையில் படுக்க வைத்து, 'நீங்கள்தான் பிரபு' என்று விளையாட்டுக்கு நம்ப வைக்கப் பார்க்கிறார்கள். அவன் நம்பவில்லை. நான் யாரென்று சாராயக் கடைக்காரியைக் கேளுங்கள் என்கிறான்; 'ஷியர் ஏல்' வகையில் மட்டும் அவளுக்குப் பதினான்கு பென்ஸ் பாக்கி வைத்திருக்கிறேன் என்கிறான். ஏல் என்பது பீர் வகை. இந்த 'ஷியர் ஏ'லை இரண்டு விதமாக வாசிக்கலாம். தண்ணீர் கலக்காத ஏல் என்றும் வாசிக்கலாம். சாப்பாடு, தின்பண்டம் எதுவும் சேராமல் குடித்த கணக்கு மட்டுமே பதினான்கு பென்ஸ் என்றும் வாசிக்கலாம். முதல் வாசிப்பில் அது பழைய 'தூய்மை'. இரண்டாவதில் இன்றைய 'அது மட்டுமே'. ஒரு சொல் பொருள் மாறும்போது இப்படி நடு வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்பதைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு இந்தச் சொல் முதன்முதலில் பிடிபட்டதே இந்தக் குடிகாரனால்தான்.

ஜெர்மன் மொழியிலும் இதே குடும்பத்துச் சொல் 'ஷீர்' என்று இருக்கிறது. பெயருக்கு முன்னால் வந்தால் சுத்த, கலப்பற்ற என்ற பொருள்தான். ஆனால் வினையடையாக வருகிற 'ஷீர்' என்றால் 'கிட்டத்தட்ட' என்று பொருள்; அது வேறு மூலத்திலிருந்து வந்த சொல்! முகம் ஒன்றானாலும் பிறந்த வீடு வேறு.

பலகை ஏன் உடைந்தது?

சரி, இந்தச் சொல் மிகவும் அழகாக வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். 'தி' சேர்ந்து, பின்னால் ஒரு 'ஆஃப்' வருகிற அமைப்பு. ஒரு வாக்கியத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்:

'தி ஷியர் வெயிட் ஆஃப் தி புக்ஸ் புரோக் தி ஷெல்ஃப்.'

புத்தகங்களின் எடை அலமாரிப் பலகையை உடைத்துவிட்டது. இதில் 'ஷிய'ரை எடுத்துவிட்டாலும் இலக்கணப் பிழை இல்லை, செய்தியும் மாறாது. அப்புறம் அது என்னதான் செய்கிறது? பலகை உடைந்தது என்றதும் கேட்பவர் மனதில் சந்தேகங்கள் வரும். கரையான் அரித்ததோ? ஆணி சரியில்லையோ? யாராவது ஏறி நின்றார்களோ? 'ஷியர்' என்ற ஒரு சொல் இத்தனை சந்தேகங்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. வேறு காரணம் தேடாதே, எடை ஒன்றே போதும், அதுவே உடைத்தது.

'மிகுந்த எடை உடைத்தது' என்று தமிழில் எழுதினால் இது வராது. 'எடையே உடைத்துவிட்டது' என்றால் வந்துவிடும். அந்த ஒற்றை 'ஏ'தான் சூட்சுமம். நம் இலக்கணக்காரர்கள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து வேலைகளைச் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இவற்றில் பிரிநிலை என்றால் ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்துவது. 'இத்தனை பேரில் இவனே எடுத்தான்' என்றால் மற்றவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டார்கள். 'தி ஷியர் வெயிட்' செய்வதும் இந்தப் பிரிநிலை வேலைதான். பல காரணங்களிலிருந்து ஒரு காரணத்தை இழுத்து வெளியே நிறுத்துகிறது.

'வெரி' செய்கிற வேலைக்குத் தொல்காப்பியம் வேறு ஆட்களை வைத்திருக்கிறது. உறு, தவ, நனி என்ற மூன்று உரிச்சொற்களும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது. நன்னூல் அதோடு சால, கூர், கழி என்று மேலும் மூன்றைச் சேர்க்கிறது. மிகுதிக்கு உரிச்சொல், பிரிப்பதற்கு இடைச்சொல். இரண்டும் தனித்தனி வேலை என்று பிரித்து வைத்த மொழியைப் பேசிக்கொண்டு, ஆங்கிலத்துக்குப் போனதும் ஷியரையும் வெரியையும் ஒரே பெட்டியில் போடுகிறோம்.

இந்த அமைப்பில் அடிக்கடி வருகிற கூட்டாளிகள் சைஸ், ஸ்கேல், வால்யூம், நம்பர், வெயிட், பியூட்டி. 'தி ஷியர் நம்பர் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்றால் புகார்களின் தன்மை இருக்கட்டும், எண்ணிக்கையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று பொருள். 'பார்த்தாலே' என்பதிலும் அதே ஏகாரம் வந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனியுங்கள். தமிழில் இந்த எண்ணத்தைச் சொல்ல வாய் திறந்தால் 'ஏ' தானாக வருகிறது.

'வெறும்' என்ற கண்ணி

தமிழ்க்காரர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. அகராதி 'வெறும்' என்று கொடுத்திருக்கிறதல்லவா? 'வெறும் அதிர்ஷ்டம்' என்பதற்கு ஷியர் லக் சரி. அந்தத் தைரியத்தில் 'வெறும் பத்து நிமிஷம்' என்பதற்கு 'ஷியர் டென் மினிட்ஸ்' என்று எழுதினால் போச்சு. அங்கே வர வேண்டியது 'மியர்'.

நம் 'வெறும்' இரண்டு வேலை பார்க்கிறது. 'வேறு எதுவும் இல்லாமல், இது மட்டும்' என்பது ஒன்று. 'இவ்வளவுதானா, இதற்கு மேல் இல்லை' என்று உதட்டைப் பிதுக்குவது இன்னொன்று. ஆங்கிலம் முதல் வேலையை ஷியரிடமும் இரண்டாவதை மியரிடமும் கொடுத்திருக்கிறது. 'தே வன் பை ஷியர் நம்பர்ஸ்' என்றால் ஆள்பலம் ஒன்றினாலேயே ஜெயித்தார்கள், எண்ணிக்கைக்கு மரியாதை. 'மியர் நம்பர்ஸ் ஆர் நாட் இனஃப்' என்றால் வெறும் எண்ணிக்கை போதாது, எண்ணிக்கைக்கு அவமரியாதை. ஷியர் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும், மியர் அமுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மியரும் தூய்மையில் பிறந்த சொல்தான். அதன் மூலம் லத்தீனில் 'மேருஸ்', கலப்பில்லாத என்று பொருள். ரோமானியர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பதே நாகரிகம் என்று நினைத்தவர்கள். கலக்காத மதுவுக்கு 'மேரும்' என்று பெயர். இன்று 'ராவா அடிக்கிறான்' என்பார்களே, அது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட மியர் பலமான சொல்லாக இருந்தது. 'ஒதெல்லோ'வில் துருக்கியக் கப்பற்படை அழிந்துபோன செய்தியை அறிவிக்கும்போது 'மியர் பெர்டிஷன்' என்று வருகிறது. இன்றைய பொருளில் படித்தால் 'வெறும் அழிவு' என்று உளறலாகும். அங்கே அது முழு அழிவு. ஒன்று கலக்காத மதுவிலிருந்தும் மற்றது கலக்காத ஏலிலிருந்தும் கிளம்பியது போல ஒரே இடத்தில் நின்ற இரண்டு சொற்கள். ஒன்று மேலே போனது, இன்னொன்று 'இவ்வளவுதான்' என்று சுருங்கிவிட்டது.

சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தமிழ் வாக்கியத்தில் 'வெறும்' இருக்கும் இடத்தில் 'முழுக்க முழுக்க' என்று போட்டுப் பாருங்கள். 'முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்' நிற்கிறது, அங்கே ஷியர். 'முழுக்க முழுக்க பத்து நிமிஷம்' விழுந்துவிடுகிறது, அங்கே மியர்.

மருமகனின் தப்பு

இப்போது சிவப்புச் சுழிக்கு வரலாம். ஷியர் ஒரு பெயரடை. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும், இன்னொரு பெயரடைக்கு முன்னால் நிற்காது. 'போரிங்' பெயரடை. அதனால் 'ஷியர் போரிங்' நிற்கவில்லை. 'போர்டம்' என்று பெயராக்கினால் நிற்கும். 'ஷியர் பியூட்டிஃபுல்' தப்பு, 'ஷியர் பியூட்டி' சரி. வெரி, ரியலி எல்லாம் வினையடைகள், அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஷியரோடு 'லி' ஒட்டி வினையடையாக்கலாமே என்று தோன்றும். அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரும் அதிகம் தொடுவதில்லை.

பெயர்ச்சொல் என்றாலும் எல்லாப் பெயரும் ஆகாது. எண்ண முடியாத குணம், உணர்வு, நிலை ஆகியவற்றோடுதான் அது ஒட்டும். ஜாய், டெரர், டெஸ்பரேஷன், எக்ஸாஸ்ஷன், விட்டுக்கொடுக்காமல் பிடிவாதம் பிடிக்கிற 'டிட்டர்மினேஷன்' எல்லாம் அதற்குத் தோதானவை. ஆளோடு ஒட்டாது. 'ஷியர் இடியட்' என்று எழுதினால் காதில் உறுத்தும். முட்டாள்தனத்துக்கு ஷியர், முட்டாளுக்கு 'அட்டர்' அல்லது 'கம்ப்ளீட்'. தமிழில் 'சுத்த முட்டாள்' தாராளமாகச் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். ஆமாம், இந்த இடத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துவிடுகின்றன.

அழுத்தப் பொருளில் வரும்போது ஷியரைப் பெயருக்குப் பின்னால் தள்ளவும் முடியாது. 'இட் வாஸ் ஷியர் லக்' சரி, 'தி லக் வாஸ் ஷியர்' கிடையாது. 'வெரி ஷியர் லக்' என்றும் கிடையாது. வடிகட்டினதை 'ரொம்ப வடிகட்டின' என்று யாராவது சொல்வார்களா? இருந்தாலும் 'பை தி ஷியரஸ்ட் சான்ஸ்' என்று உச்சப்படி போட்டுச் சொல்வது மட்டும் பழக்கத்தில் இருக்கிறது. தர்க்கத்தை அவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டாம்.

இந்தச் சொல் பெரும்பாலும் ஒரு முன்னிடைச்சொல்லைக் கையைப் பிடித்துக்கொண்டே வரும். பை ஷியர் லக், த்ரூ ஷியர் ஹார்ட் ஒர்க், அவுட் ஆஃப் ஷியர் ஸ்பைட், ஃபார் தி ஷியர் ஜாய் ஆஃப் இட். இவற்றைத் துண்டு துண்டாகக் கற்காமல் மொத்தமாக வாயில் போட்டுக்கொள்வது நல்லது. எல்லாமே 'ஏன் நடந்தது' என்பதற்குப் பதில்கள். ஏன் ஜெயித்தான்? உழைப்பு ஒன்றினாலேயே. ஏன் மறுத்தாள்? வன்மம்தான், வேறென்ன. காரணம் சொல்கிற இடமாகப் பார்த்து ஷியர் போய் நிற்கிறது என்றால், அது பிரிநிலைச் சொல் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

அட்டர், கம்ப்ளீட், டவுன்ரைட், அவுட்ரைட் என்று அழுத்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு படத்திலிருந்து வருகிறது.

'அட்டர்' உண்மையில் 'அவுட்டர்' என்பதன் உடன்பிறப்பு, 'வெளியே' என்பதன் ஒப்பீட்டு வடிவம். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் எசேக்கியேல் பகுதியில் கோயிலின் வெளிப்பிராகாரத்தை 'அட்டர் கோர்ட்' என்றே எழுதியிருக்கிறார்கள். வெளியே, இன்னும் வெளியே, கடைசி விளிம்பு வரைக்கும் போன ஒன்று என்பதிலிருந்து 'முழு' என்ற பொருள் வந்தது. நாம் அடிமுட்டாள் என்கிறோமே, அந்த 'அடி'யும் ஒரு கடைசி எல்லைதான். நாம் கீழே போனோம், அவர்கள் வெளியே போனார்கள். அட்டருக்குக் கெட்ட சகவாசம் அதிகம். நான்சென்ஸ், கேயாஸ், ஃபெய்லியர் என்று பெரும்பாலும் மோசமான பெயர்களோடுதான் சுற்றும். ஷியருக்கு அந்தப் பேதம் இல்லை, சந்தோஷத்தோடும் வரும், பயங்கரத்தோடும் வரும். 'கம்ப்ளீட்' நம் 'முழு முட்டாள்'. அதில் விளக்க ஒன்றும் இல்லை.

'டவுன்ரைட்' எனக்குப் பிடித்தது. முதலில் அதற்கு நேர் கீழே, செங்குத்தாக என்றுதான் பொருள். அப்புறம்தான் அப்பட்டமான, பட்டவர்த்தனமான என்று ஆனது. இது பெயருக்கு முன்னாலும் வரும், பெயரடைக்கு முன்னாலும் வரும். ஆக, பையன் தேடிக்கொண்டிருந்த சொல் இதுதான்: 'தி மூவி வாஸ் டவுன்ரைட் போரிங்.' 'அவுட்ரைட்' ஒளிவுமறைவில்லாததற்கு: அவுட்ரைட் லை என்றால் முகத்துக்கு நேரே சொன்ன பொய்.

மலையும் துணியும்

பாக்கி இருக்கிற இரண்டு அகராதிப் பொருள்களையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 'ஷியர் கிளிஃப்' செங்குத்துப் பாறை. நடுவில் சரிவோ படியோ கால் வைக்கத் திட்டோ எதுவும் குறுக்கிடாமல் இறங்குவது என்று நினைத்துக்கொண்டால் மனதில் நிற்கும். அமெரிக்காவின் யோசெமிட்டியில் எல் கேப்பிட்டன் என்ற கருங்கல் சுவர் சுமார் 900 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தொடாமல் போவது கஷ்டம். இந்தப் பொருளில் மட்டும் அது வினையடையாகவும் வேலை செய்யும், 'தி கிளிஃப் ஃபால்ஸ் ஷியர் டு தி சீ' என்பது போல.

துணிக்கு வந்தால், ஊடே பார்வை போகிற அளவுக்கு மெல்லியது. ஷிஃபான், ஆர்கன்ஸா போன்றவை. அந்தப் பழைய தெளிந்த ஊற்றின் பொருள் இங்கே அப்படியே தங்கிவிட்டது என்று சொல்லலாம். காலுறைப் பொட்டலங்களில் 'ஷியர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டெனியர் என்று ஒரு எண் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுதான் அதன் டெனியர். 15 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலும் சேர்ந்து வெறும் 15 கிராம். இந்த 'வெறும்' மியர் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். உதட்டுச் சாயத்திலும் சன்ஸ்கிரீனிலும் 'ஷியர்' என்று போட்டிருந்தால் அடியில் உள்ள தோல் தெரியும்படி மெலிதாகப் படியும் என்று பொருள். இங்கே நாம் சொன்ன கட்டுப்பாடுகள் ஒன்றும் செல்லாது. 'தி கர்ட்டன் இஸ் வெரி ஷியர்' என்று தாராளமாக எழுதலாம், ஏனென்றால் மெல்லியது என்பதை அளக்க முடியும்.

நான் ஒரு முறை மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது 'ஷியர் கர்ட்டன்ஸ்' என்பதற்கு 'அப்பட்டமான திரைச்சீலைகள்' என்று இருந்தது. சிரித்துவிட்டுத் திருத்தினேன். பத்துப் பக்கம் தள்ளி 'ஷியர் டிராப்' வந்தது. அதை 'முழுமையான வீழ்ச்சி' என்று போட்டிருந்தார்கள். கதாநாயகி பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றுகொண்டு தன் வாழ்க்கையின் வீழ்ச்சியை நினைக்கிறாள் என்று நினைத்து நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் உறைத்தது, அவள் காலடியில் இருந்தது நேர் பாதாளம்.

பையனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. வடிகட்டியையும் பலகையையும் மட்டும் சொன்னேன். அடுத்த நாள் கட்டுரையைத் திருத்தி எழுதியிருந்தான். படம் டவுன்ரைட் போரிங். 'ஐ ஃபெல் அஸ்லீப் அவுட் ஆஃப் ஷியர் போர்டம்' என்று ஒரு வரி புதிதாகவும் சேர்த்திருந்தான். தூங்கியதற்குக் களைப்பு காரணம் இல்லை, ஏசி காரணம் இல்லை. நன்றாகவே பிடித்துக்கொண்டுவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம்.

நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரியிலும் ஒரு சிவப்புச் சுழி. எஸ், எச், ஈ, ஈ, ஆர் என்று எழுத வேண்டியதை எஸ், எச், ஈ, ஏ, ஆர் என்று எழுதியிருந்தான். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனால் அது ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற ஷியர்.